உப்புப் பூத்த கண்ணாடி

12.05.2025, திங்கள்

மரியாதைக்குரிய தனகோடி அண்ணனுக்கு,

ஓசூர் வெயிலில் உங்கள் உடம்பைக் கர்த்தர் காக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டு அமிர்தவள்ளி எழுதுவது. கிழித்துப் போட்டுவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நேற்று முன்தினம் சனிக்கிழமை காலை பத்தரை மணி, சோலார் தகடு போட்ட நம் பம்ப் ஹவுஸ் மொட்டை மாடி. பேரூராட்சித் தலைவர் அம்மா, செயல் அலுவலர், கவுன்சிலர் கோவிந்தராஜ், தோல் டேனரி சங்கச் செயலாளர், பள்ளிவாசல் நிர்வாகி, எங்கள் சபைச் செயலாளர் ஜெயசீலன், மகளிர் குழுவிலிருந்து ஜஹீருன்னிசா, தீபலட்சுமி, நான். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி உங்கள் மேல் கரண்ட் திருட்டுப் பழி சொன்னபோது இருந்த அதே ஒன்பது பேர். ஒருவர்கூடக் குறையவில்லை. புதிதாக வந்தவர் வேலூரிலிருந்து அனுப்பப்பட்ட இன்ஜினியர் பெண் தமிழினி மட்டும். நீங்கள் மட்டும்தான் இல்லை.

அந்தப் பெண் எதற்கு வந்தாள் என்றால், ஆஸ்பத்திரிக் கூரைக்கும் சோலார் போடுவதாக இருந்தது அல்லவா, அந்த இரண்டாம் பணம் நின்றுவிட்டது. முதலில் போட்டது ஒரு வருஷம் சொன்னபடி கரண்ட் கொடுத்தால்தான் அடுத்தது வரும் என்பது உங்களுக்கே தெரியும். நம் பம்ப் ஹவுஸ் சோலாரோ நாளுக்கு நாற்பத்திரண்டு யூனிட்டிலிருந்து இருபத்தேழுக்கு வந்துவிட்டது. நீங்கள் ஊரை விட்டுப் போன அன்று முப்பத்தொன்று. நீங்கள் போன பிறகும் இறங்கியது அண்ணே. தினமும் என் கையாலேதான் நோட்டில் எழுதினேன். எழுதியும் எனக்குப் புத்தி வரவில்லை. உங்கள் மச்சான் வெல்டிங் கடைக்கு நீங்கள் இழுத்த திருட்டு லைன் இன்னும் சுவருக்குள் இருக்கிறது என்றே நினைத்தேன். தேடிப் பார்க்கச் சொல்லி மனுவும் கொடுத்தேன்.

தமிழினி லைனைத் தேடவில்லை. என் நோட்டைத்தான் கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதிய கணக்கை இன்ஜினியர் படிக்கிறாளே என்று. பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் விரலை வைத்து, "அக்கா, ஜனவரி நாலாந்தேதி இன்னா நடந்தது? அங்கிருந்துதான் இறங்குது" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். "இன்று முதல் கண்ணாடி கழுவ போர் தண்ணீர். குடிநீர் இரண்டு குடம் மிச்சம்."

அவள் போய் ஒரு தகட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகப் பொடி வந்தது. அதை என் விரலில் தடவி, "நாக்குல வச்சிப் பாருங்க" என்றாள். மற்ற எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தேன். உப்பு. கைப்பு கலந்த உப்பு.

தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் சொன்னது அப்போதுதான் காதில் கேட்டது. "அமிர்தம்மா, போர் தண்ணி வேணாம், டேனரி ஊரு உப்பு. இன்னா தேய்ச்சாலும் பூத்துக்கும்" என்று ஜனவரியில் அதே மாடியில் நின்று சொன்னீர்கள். நான் குழுப் பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "குடிக்கவே நாலு நாளுக்கு ஒருவாட்டி தண்ணி வர்ற ஊர்ல கண்ணாடிக்கு இன்னா ராஜ குளியல்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனீர்கள். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

வாரம் தவறாமல் சனிக்கிழமை, ஜெபம் முடித்து, உச்சி வெயிலில் நாங்கள் ஆறு பேர் ஏறிக் கழுவினோம். ஊழியம் மாதிரி செய்தோம். தண்ணீர் காயும், உப்பு தங்கும். வெயில் ஜாஸ்தி ஆகிறது, கரண்ட் கம்மி ஆகிறது, நடுவில் யாரோ தின்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். கூட்டலிலும் கழித்தலிலும் ஒரு தப்பு இல்லை. டேனரிக்காரர்களும் பள்ளிவாசலும் சபையும் குழுவும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு போட்டு, மீதியை அரசாங்கம் கொடுத்து வந்த திட்டம். பொதுப்பணம் என்றுதான் நான் ஒரு யூனிட்டையும் விடாமல் எழுதினேன். அதனால்தான் நான் சொன்னதும் ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் உங்களைப் பம்ப் ஆபரேட்டர் வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சிக் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நேற்றுப் பாடம் எடுக்கப் போகவில்லை.

கோவிந்தராஜ் மட்டும், "விடுங்கம்மா, தப்பு யாரு செய்யல? அந்த வேலைக்கு நம்ம ஆளு ஒருத்தன் ரெடியா இருக்கான்" என்றார். ஜஹீருன்னிசா திரும்பி, "ஆளு ரெடியா இருக்கான், உங்க வாய்தான் ரெடியா இல்ல. அன்னிக்கு அவரத் திருடன்னு சொன்னீங்களே, இன்னிக்கு இல்லன்னு சொல்லுங்க" என்றாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் சொன்னார்கள். நான் கடைசியாகச் சொன்னேன்.

அன்றே வினிகர் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவினோம். நேற்று முப்பத்தாறு யூனிட். முழுசாகப் போக இன்னும் மூன்று நான்கு தரம் கழுவ வேண்டுமாம். நாற்பதைத் தாண்டினால் ஆஸ்பத்திரிப் பணத்துக்குத் தானே எழுதுவதாகத் தமிழினி சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை சாயந்திரமே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் போனுக்கு ஒன்பது தரம் அடித்தும் எடுக்கவில்லை. தனபாக்கியம் அண்ணி என்னை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. நடந்ததை எல்லாம் வாசலில் நின்றே சொன்னேன். கேட்டுவிட்டு, "உன் நாக்குல ஒரு நாளு உப்பு. எங்க சோத்துல ஒரு மாசமா உப்பே இல்ல" என்றார்கள். அப்புறம் ஒரு பழைய ரசீதின் பின்னால் உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். நம் தெருக் குழாயில் கேலிப் பேச்சு தாங்காமல் பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் தூக்கி வருகிறார்களாம். நேற்றிலிருந்து ஜஹீருன்னிசாவும் நானும் வீட்டு வாசலில் நாலு குடம் வைத்துவிட்டு வருகிறோம். இன்று காலை பார்த்தேன், குடங்களை உள்ளே எடுத்திருந்தார்கள்.

இனி காரியம். வருகிற இருபத்திரண்டாம் தேதி மன்றக் கூட்டம். உங்களை மறுபடி வேலையில் வைக்கத் தீர்மானம் போடுகிறேன் என்று தலைவர் அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும். வராவிட்டால் கோவிந்தராஜின் ஆள் உட்கார்ந்துவிடுவான். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், கூட்ட நோட்டில் ஏப்ரல் பன்னிரண்டு என்று போட்ட பக்கத்தில் சிவப்பு மையால் திருத்தி எழுதி, ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். அதை மன்றத்தில் நானே எழுந்து வாசிப்பேன். யூனிட் நோட்டு பம்ப் ஹவுஸ் ஆணியில் தொங்குகிறது. நான் இனி அதில் எழுத மாட்டேன். அது உங்கள் கையால் எழுத வேண்டிய நோட்டு.

மன்னிப்பு என்ற சொல்லைக் கடிதத்தில் வைத்து அனுப்ப எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரில் பார்க்கும் நாளுக்கு வைத்திருக்கிறேன்.

ஸ்டாம்பு ஒட்டி என் விலாசம் எழுதிய கவர் உள்ளே இருக்கிறது. வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். இருபதாம் தேதிக்குள் என் கையில் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை என்று சொல்லத் தகுதியில்லாத,
அமிர்தவள்ளி