அம்மா பெயரில் போட்ட கார்டு

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

எல்லாம் அந்தப் போஸ்ட் கார்டால் வந்தது. செவ்வாய்க்கிழமைத் தொடரைப் பதிமூன்று வாரத்தோடு நிறுத்தக் கூடாது என்று டிவி நிலையத்துக்கு அம்மா பெயரில் நான்தான் எழுதிப் போட்டேன். இன்று தொடர் முடிந்ததும் கடிதப் பகுதியில் அதை வாசித்துவிட்டார்கள்.

“மதுரை கோச்சடையிலிருந்து பேச்சியம்மாள் எழுதுகிறார். என் மருமகள் தங்கமானவள். நாங்கள் இருவரும் சேர்ந்து உட்காருவது இந்த அரைமணி நேரம்தான். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.”

எனக்கு வியர்த்துவிட்டது. அம்மா கைநாட்டு. என் மனைவி செல்வியிடம் அவள் முகங்கொடுத்துப் பேசி எட்டு மாதமாகிறது.

தொடரை நீட்டிக்க இயலாது, அடுத்த வாரம் முடிகிறது என்று பதிலும் சொன்னார்கள். அதற்கடுத்த செவ்வாய் இந்த வீட்டில் என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை. அம்மா, செல்வி இருவர் காதிலும் அந்தப் பதில் விழவேயில்லை.

“யாரை விட்டு எழுதச் சொன்னீங்க அத்தை? என்னையப் பத்தியா இம்புட்டும்?” என்றாள் செல்வி.

அம்மா என்னை முறைத்தாள். போட்டு உடைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

“யாரை விட்டு எழுதுனா என்ன? சொன்னது நான்தானே?” என்றாள்.

டிவியை அணைத்து ஒரு மணி நேரமாகிறது. அடுப்படியில் இன்னும் பேச்சு சத்தம் கேட்கிறது. போய்ப் பார்க்கப் பயம்.

இப்போதுதான் அம்மா வந்து என் காதோரம் குனிந்தாள்.

“அந்தக் கார்டுல வேற என்னடா எழுதுன? சீக்கிரம் சொல்லு, அவ கேக்குறா.”