மருமகன் வந்தால் எழும்புகிறவர்

மாமி,

காலையில் கால் விறைக்கிறது என்று அலுமாரியில் காலுறை தேடினேன். என்னுடையவற்றுக்குள் உங்களுடையது கிடந்தது. அடியில் ரப்பர் பொட்டு வைத்த சிவப்புக் காலுறை, விழக்கூடியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது. போட்டுப் பார்த்தேன். அளவாக இருந்தது.

நீங்கள் குளியலறையில் சறுக்கி விழுந்த அன்று, லண்டன் இல்ஃபோர்டில் நம் வாசலுக்கு அம்புலன்ஸ் வருமுன்னமே எட்மண்டனிலிருந்து உங்கள் தங்கச்சி, "அக்காவுக்கு இடுப்பு முறிஞ்சிட்டுதாமே" என்று அழுது ஃபோன் எடுத்துவிட்டா. எக்ஸ்ரேயில் முறிவு ஒன்றுமில்லை. ஆனாலும் அவசரப் பிரிவில் உங்களை வீட்டுக்கு விட மாட்டோம் என்றார்கள். நீங்களாக எழுந்து, வோக்கிங் ஃபிரேமைப் பிடித்து நடந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் வார்ட். இந்த வயதில் படுக்கையில் கிடந்தால் கால்பலம் போய்விடும், பிறகு வீடு திரும்புவதே சந்தேகம் என்றாள் பிசியோதெரபிப் பெண். உங்கள் மகள் அதைத் தமிழில் சொன்னதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்களாம். "என்னை இஞ்ச விட்டிட்டுப் போகாத பிள்ளை."

அந்தப் பிசியோப் பெண் உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு எவ்வளவோ கெஞ்சியிருக்கிறாள். முன்னுக்குச் சாயுங்கள், கைப்பிடியில் ஊன்றுங்கள். "ஏலாது, விழுந்திடுவன்." அது ஒன்றுதான் உங்கள் பதில்.

காரை நிறுத்த இடம் தேடி அலுத்துப்போன நான், தேநீரோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

நீங்கள் எழும்பிவிட்டீர்கள்.

கல்யாணமான நாள் முதல் நான் வந்தால் நீங்கள் உட்கார்ந்திருந்ததில்லை. வீட்டில் பூனைகூட எனக்காக நகராது. குப்பை வாளியை வெளியே வைக்கும் ஆள் என்ற அளவில்தான் என் மதிப்பு. மருமகனுக்குரிய மரியாதையைக் குறையாமல் தந்தவர் நீங்கள் ஒருவர்தான். விழுந்த பயத்தையும் மறந்து, ஆஸ்பத்திரி உடுப்பை இழுத்துச் சரிசெய்தபடி நின்றீர்கள்.

பிசியோப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவர் பெரிய டொக்டரா என்று கேட்டாள். இல்லை, என் கணவர் என்றாள் உங்கள் மகள், ஏதோ குறையை ஒப்புக்கொள்வதுபோல.

விஷயம் விளங்கியதும் அந்தப் பெண் என்னை விடவில்லை. வெளியே போ, திரும்பி வா. போனேன், வந்தேன். எழும்பினீர்கள். திரும்பவும் போனேன், வந்தேன். இந்த மனிதனுக்கு என்னதான் வேண்டுமாம் என்று பக்கத்துக் கட்டில் கிழவர் தாதியிடம் முறையிட்டார். கடைசியில் உங்களுக்கே பொறுக்கவில்லை. "தம்பி, எவ்வளவு நேரமா நடக்கிறியள், இதில இருங்கோ" என்று கதிரையை எனக்கு விட்டு, ஃபிரேமைப் பிடித்து அப்பால் நடந்தீர்கள். மாலையில் வீட்டில் இருந்தோம்.

அதன் பிறகு அதுவே உங்கள் பயிற்சி. ரிமோட்டைத் தேடுகிறேன், ஜன்னலைப் பூட்டுகிறேன் என்று ஏதாவது சாட்டுச் சொல்லி உங்கள் அறைக்குள் வந்துகொண்டேயிருந்தேன்.

குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டித் திரும்பவும் அதே பிரிவுக்குப் போனோம். இந்த முறை உங்களை நடக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை. நான் உள்ளே வந்ததும் கண் திறந்தீர்கள். முகத்தில் ஒக்சிசன் மாஸ்க். கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. போர்வைக்குள் கால்கள் அசைந்தன. தாதி தோளைப் பிடித்துப் படுக்கவைத்தா.

"படுங்கோ மாமி" என்றேன். நீங்கள் கம்பியை விடவில்லை. நான் வெளியே போய்விட்டேன்.

"என்னப்பா, அம்மாட பக்கத்தில வந்து நில்லுங்கோவன்" என்று உங்கள் மகள் கூப்பிட்டாள்.

"நான் வந்தா எழும்பப் பார்ப்பா" என்றேன்.

திரைக்கு வெளியே நின்று உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் மகள் அழுவது கேட்டது. அப்போதுதான் உள்ளே வந்தேன்.

இஸ்திரிப்பெட்டி இப்போது உங்கள் அறையில்தான் இருக்கிறது. வேண்டும்போது உங்கள் மகளைத்தான் எடுத்துத் தரச் சொல்கிறேன். சோம்பேறி என்கிறாள். நான் மறுப்பதில்லை. கதவடி வரை போய்விடலாம் மாமி. உள்ளே போனால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.