வள்ளியம்மாவின் முகம்

கிருத்திகை, செவ்வாய் இரவு

படத்துக்கு மதிப்புப் போட இன்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். தாத்தாவின் அத்தை வள்ளியம்மா இளவயதில் நிற்கும், கையால் தீட்டிய பாஸ்டல் படம். நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதை விற்றால்தான் அக்காவின் கண்ணுக்கு வைத்தியம்.

சட்டத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கிருத்திகையும் அதுவுமாக விரிசல் கண்ணாடி எதற்கு என்று காலையில் நானே கழற்றினேன். சாமி படங்களைத் துடைத்த ஈரத்துணியாலேயே அவள் முகத்தையும் துடைத்து, நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்தேன். செத்தவர்கள் படத்துக்கு எப்போதும் செய்வதுதான். ஆனால் எப்போதும் நடுவில் கண்ணாடி இருந்தது. முகம் மங்கியது அப்போதே தெரிந்தது. ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வந்தவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஈரத்துணி போட்டீங்களா?"

"ஆங். சுத்தமா இருக்கட்டும்னுதாங்க."

"இது வெறும் கலர்ப் பொடிங்க. தாள் மேல ஒட்டிகினு இருக்கும், அவ்ளோதான். புடவை, கை எல்லாம் அருமையா இருக்கு. முகம் போயிடுச்சே."

விலை எதுவும் சொல்லவில்லை. வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போய்விட்டார். படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

கொடியில் அந்தத் துணியைத் தேடிப் பார்த்தேன். வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நான்தான் நன்றாக அலசிப் போட்டிருந்தேன்.

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "கண்ணு தெரிஞ்சப்போ பார்த்தது. அவங்க சிரிப்பு இன்னும் அப்படியே இருக்குதாடா?"

"ஆங், அப்படியேதான் இருக்குதுக்கா."

அக்கா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி, பதிலுக்குச் சிரித்தாள்.