சங்கு சோதனையும் என் இரண்டு காதுகளும்

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று பதினோரு வீடு ஏறி இறங்கினேன். மர அறுவை மில்லில் லீவு சொல்லிவிட்டு, ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வெயிலில் அலையாதீர்கள்" என்று சொல்வதற்காக உச்சி வெயிலில் அலைந்தேன். மூன்றாவது வீட்டு அம்மா கதவைத் திறந்து என் கோலத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். என் ஆலோசனையை அப்புறம்தான் கேட்டார்.

தெருப் பொறுப்பாளர். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தும் கிடைக்காதது. கோடையில் தனியாக இருப்பவர்களை எட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கால்வாயில் குதிக்காமல் விரட்ட வேண்டும். மழைக்கு முன்னால், தானாக வெளியேற முடியாதவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்க வேண்டும். எங்கள் தெரு கால்வாயை விடத் தாழ்வு. ஆறு வருஷத்துக்கு முன்னால் கரை வழிந்தபோது, அபாயச் சங்கு ஊதிய முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் சொத்து.

பட்டியல் எடுப்பதுதான் பெரும்பாடு. டிரைவர் அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது இரண்டு முழங்காலும் மடங்காது, தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். பேரை எழுதவே விடவில்லை.

"லிஸ்ட்ல போட்டா நாளையிலருந்து எல்லாரும் என்னை மூட்டையாத்தான் பாப்பாங்க. வேணாம்."

"உதவி வேணும்னு சொல்றதுல என்னண்ணே வெக்கம்?"

"ரெண்டு காலும் நல்லா இருக்கறவனுக்கு வெக்கம் இல்லைதான் தலைவரே. கிளம்பு, காத்து வரட்டும்."

வெட்கப்படக் கூடாது என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நன்றாகத்தான் பேசினேன். அவர் பாதியில் தூங்கிவிட்டார்.

மே 2, சனி

புதுச் சங்கு மாட்டியிருக்கிறார்கள். பழையது நீரேற்று நிலைய மொட்டைமாடியில் எருமை மாதிரி உறுமும். புதியது எலக்ட்ரானிக், ஒரு பெட்டி அளவுதான். இன்று காலை பத்து மணிக்குச் சோதனை. தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர் நின்று கேட்டு, 'நன்றாக, லேசாக, இல்லை' மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். கால்வாய் முனையில் நான். பஸ் நிறுத்தத்து முனையில் தையல்கார அக்கா.

பத்து. பத்து ஐந்து. பத்து பத்து. வெயிலுக்குப் பயந்து தெருவில் ஈ காக்கை இல்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. 'இல்லை' என்று டிக் அடித்தேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

அக்கா 'நன்றாக' என்று அடித்திருக்கிறார். வாசலுக்கே வந்திருக்க மாட்டார். உலகம் இப்படித்தான் ஓடுகிறது, எழுதுகிறவன் எழுதிக்கொண்டே இருக்கிறான், கேட்கிறவன் ஒருவனும் இல்லை.

மே 5, செவ்வாய்

நீர்வளத்துறை ஆபீஸில் கூட்டம். எழுந்து நின்று சொன்னேன்: சங்கு ஊதவே இல்லை.

"தம்பி, நான் வாசல்ல நின்னுதான் கேட்டேன். காது கிழிஞ்சுது," என்றார் தையல்கார அக்கா.

"அது உங்க தையல் மிஷினா இருக்கும்க்கா."

கூட்டமே சிரித்தது. அக்கா பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். பின் வரிசையிலிருந்து ஒருவர், "எனக்கும் சரியாக் கேக்கலை" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மொத்தம் நான்கு பேர். இன்ஜினியர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சங்கை இறக்கிச் செய்த கம்பெனிக்கே அனுப்புவதாகச் சொன்னார். மூன்று வாரம் ஆகும்.

வீட்டுக்கு வரும்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மகள்கூடக் கேட்டாள், சட்டை சின்னதாகிவிட்டதா அப்பா என்று.

மே 6

சங்கை இறக்கிவிட்டார்கள். வேனில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.

மே 10, ஞாயிறு

குக்கர் தீய்ந்துவிட்டது.

"மூணு விசில் வந்ததும் அணைங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் மனைவி.

"விசிலே வரலையே."

"ஒன்பது வந்துதாம். பக்கத்து வீட்டுல எண்ணியிருக்காங்க."

வெயிட்டைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். ரப்பர் வளையத்தை மாற்றச் சொன்னேன். ஊரிலும் சரி வீட்டிலும் சரி, எதுவும் ஒழுங்காக ஊதுவதில்லை.

மே 14, வியாழன்

எப்படி எழுதுவது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சோதனை நடந்த அன்று தையல்கார அக்காவின் தம்பி மகள் வந்திருந்தாளாம், நான்கு வயது. அது வாசலில் ஆடியதை அக்கா போனில் படம் பிடித்திருக்கிறார். இன்று அதைத் தெருக் குழுவில் போட்டிருந்தார், 'மே 2, காலை 10 மணி' என்று மட்டும் எழுதி. மகள் போனை மேஜைமேல் சாய்த்து வைத்தாள். மூன்று பேரும் பார்த்தோம்.

குழந்தை சுற்றிச் சுற்றி ஆடுகிறது. நான் சொன்னேன், "பாரு, எங்கயாவது சங்கு இருக்கா? நான் சொன்னேன்ல?"

மனைவி மகளைப் பார்த்தாள்.

குழந்தை சட்டென்று நின்றது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது. எனக்குச் சிரிப்பு. "இது எதுக்குக் காதைப் பொத்துது?"

மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, இப்ப ஊதிட்டுதான் இருக்கு."

இல்லை. போன் பழசு. ஸ்பீக்கர் சரியில்ல. இல்ல, வீடியோவுல அக்கா பேசினது எனக்குக் கேட்டுச்சே. குழந்தை கால் தரையில தட்டினது கேட்டுச்சே. அது மட்டும் எப்படி —

மே 15, வெள்ளி

காது டாக்டர். ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் எல்லாம் வந்தது, அழுத்தினேன். அப்புறம் அமைதி. அடுத்ததை எப்போது போடுவார்கள் என்று சமர்த்தாகக் காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார்கள்.

காகிதத்தில் ஒரு கோடு. சமதரையில் நடந்து போய்க்கொண்டிருந்து திடீரென்று கிணற்றில் விழுந்த மாதிரி. இருபத்தெட்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதன் கணக்கு. தடித்த சத்தம் கேட்கும், பேச்சும் எதிரில் நின்று பேசினால் கேட்கும். கீச்சென்ற மேல் சத்தங்கள் எல்லாம் போய்விட்டன. புதுச் சங்கும் அதில் ஒன்று. கருவி வைத்தால் பேச்சு தெளியும், அந்தக் கீச்சு திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். இத்தனை வருஷம் மில்லில் காதடைப்பான் கொடுத்தார்கள். நான் அதைச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருந்தேன்.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "இருபத்தாறு வருஷமா நான் சொன்ன எதுவும் உங்க காதுல ஏறலை. அதுல எது திமிரு, எது வியாதின்னு நான் எப்படிங்க பிரிக்கறது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மகளுக்கு இரண்டு வருஷமாகவே சந்தேகமாம். அதனால்தான் பேசும் முன்னால் என் தோளைத் தொடுவாளாம். நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

"பாசமும்தான்ப்பா," என்றாள்.

மே 18, திங்கள்

மேற்கே மலைப்பக்கம் மழை தொடங்கிவிட்டதாம். வழக்கத்தை விட முன்னதாக.

மே 19, செவ்வாய்

குழுவில் இன்ஜினியர் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கம்பெனியில் சங்கைப் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள். பிரித்துவிட்டால் மறுபடி மூட்டிச் சான்று வாங்கி வர ஜூலை ஆகிவிடும். கீழே நான்கு பேர் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

மே 20, புதன்

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? சட்டையைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். அது போகட்டும். மில்லில் தெரிந்தால்? காது கேட்காதவனை ரம்பத்துக்குப் பக்கத்தில் யார் விடுவான்? எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

சொல்லாவிட்டால்? ஜூலை வரை மழை வராமல் இருக்கலாம். இருக்கலாம்தானே? — இதை எழுதும்போதே பக்கத்து அறை டிவியில் மழைச் செய்தி வாசிக்கிறார்கள். நல்ல ஆண் குரல். ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது.

டிரைவர் அண்ணனுக்கு அரை மணி நேரம் வெட்கத்தைப் பற்றி வகுப்பு எடுத்தது எந்த வாய்? ஊருக்குத்தான் உபதேசம்.

மே 21, வியாழன்

முதலில் தையல்கார அக்கா வீட்டுக்குப் போனேன். மிஷினில் இருந்தார். நிறுத்தவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உங்க மிஷின் இல்லை. என் காது."

ஓரம் முழுவதும் அடித்து முடித்து, நூலைக் கத்தரித்துவிட்டு நிமிர்ந்தார். "தெரியும் தம்பி. வீடியோ போட்டேன். இவ்வளவு பேசற நீ ஒரு வார்த்தை பதில் போடலை. அப்பவே புரிஞ்சுது."

"அப்ப குழுவுலயே எழுதியிருக்கலாமே?"

"அத்தனை பேர் முன்னாடியா? நீ எனக்குப் பண்ணினதை நான் உனக்குப் பண்ணணுமா?" நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். "நாளைக்குள்ள நீ வரலைன்னா நானே ஆபீஸுக்குப் போறதா இருந்தேன். செருப்பைப் போடு. நானும் வர்றேன்."

கதவை வேகமாகச் சாத்தியபோது சத்தம் நன்றாகவே கேட்டது.

ஆபீஸில் ஆரஞ்சு சட்டையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன். காகிதத்தையும் காட்டினேன். இன்ஜினியர் முதலில் என்னோடு பேசவில்லை, கம்பெனியோடு பேசினார். "பிரிக்காதீங்க. அப்படியே திருப்பி அனுப்புங்க." போனை வைத்தார். இப்போது என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"அன்னைக்கு இன்னும் நாலு பேர் கை தூக்கினாங்களே?"

"அவங்க என் வாயைப் பாத்துத் தூக்கினவங்க சார்."

"நிச்சயமா?"

யோசித்தேன். நிச்சயம் இல்லை.

"உங்க மில்லுல ரம்பத்துக்கிட்ட எத்தனை பேர்?"

"பதினாலு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு சட்டையை என் பக்கம் தள்ளினார். "இதை ஏன் கழட்டினீங்க? வேலை இப்பதான் ஆரம்பம்."

மே 24, ஞாயிறு

அக்காவின் வீடியோவை எடுத்துக்கொண்டு அந்த நான்கு பேர் வீட்டுக்கும் போனோம். இரண்டு பேர் போட்டவுடனே, "ஐயோ, குறைங்க!" என்றார்கள். ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "நீ அவ்வளவு உறுதியா சொன்னியா, நானும்..." என்று இழுத்தார்.

மற்ற இரண்டு பேரும் குழந்தை ஆடுவதைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். குழந்தை காதைப் பொத்தியபோதும் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மே 27, புதன்

மில்லில் நானே போய்ச் சொன்னேன். முதலாளி இரண்டு நாள் யோசித்து என்னை ரம்பத்திலிருந்து பலகை அடுக்கும் பக்கம் மாற்றிவிட்டார். வேலை போகவில்லை. கை மட்டும் காலையில் ரம்பத்தைத் தேடுகிறது. மற்றவர்களுக்கும் சோதனை நடந்தது. பதினாலில் ஆறு பேருக்கு, என்னோடு சேர்த்து, சங்கு கேட்காது. நான் அங்கே தனியாள் என்று நினைத்தேன், சங்கமே வைக்கலாம் போலிருக்கிறது.

மே 30, சனி

சங்கு வந்து ஏறிவிட்டது. இன்று சோதனை. எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இல்லை. மற்றவர்களுக்கு நன்றாக.

ஜூன் 6, சனி

பட்டியலில் புதிதாக ஒரு பக்கம்: சங்கு கேட்காதவர்கள். நம் தெருவில் நான்கு பேர், எங்கள் மில்லில் வேலை பார்க்கிற எதிர்வீட்டுக்காரரையும் சேர்த்து. முதல் பேர் என்னுடையது. ஒவ்வொருவர் பேருக்கு எதிரிலும் கதவைத் தட்டப்போகிறவர் பேர். எனக்கு நேராகத் தையல்கார அக்காதான் தன் பேரைக் கேட்டு வாங்கி எழுதினார். "எனக்கு உன் கதவை உடைக்க ஒரு சான்ஸ் வேணும் தம்பி."

டிரைவர் அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"செவிடன் காதுல ஊதின சங்குன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!"

"சிரிச்சு முடிங்கண்ணே, நான் இருக்கேன்."

முடிக்க நேரமாயிற்று. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என் பேரையும் எழுதிக்கோ. தூக்கறவன் நீன்னு போடு. அறிமுகம் இல்லாதவன் தொடக்கூடாது," என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

மூன்று நாளாக மழை. கால்வாய்த் தண்ணீர் கரைக்கு இரண்டு சாண் கீழே.

ஜூன் 17, புதன்

பள்ளிக்கூடத்து மாடியில், சுவரில் சாய்ந்தபடி எழுதுகிறேன். பக்கத்தில் மனைவி, மகள், எங்கள் மூட்டைகள்.

காலை மனைவி பாய்களோடு இங்கே முன்னாலேயே வந்துவிட்டாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் தனியாக, ஸ்டூல் மேல் ஏறித் துணி மூட்டைகளைப் பரணில் தள்ளிக்கொண்டிருந்தேன். பரம அமைதி. மழைகூட விட்டிருந்தது.

கதவு இடிந்தது. திறந்தால் அக்கா, கையில் துணி அளக்கும் இரும்பு ஸ்கேல். "ஊதி ரெண்டு நிமிஷம் ஆச்சு! வா!"

அவர் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தேன். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. எல்லா முகமும் நீரேற்று நிலையத்தின் பக்கம் திரும்பியிருந்தது. மின்கம்பிமேல் ஒரு பறவை இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஊதுகிறது என்று தெரிந்தது, கேட்டிருந்தால்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

அப்புறம் ஓட்டம். எனக்கான இரண்டு கதவு. எதிர்வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார், துண்டோடு கூட்டிவந்தேன். டிரைவர் அண்ணனை நாற்காலியோடு நானும் அவரும் தூக்கினோம். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. மேலே உட்கார்ந்துகொண்டு அண்ணன் வண்டி ஓட்டினார். "லெஃப்ட்ல ஒடி தலைவரே, பள்ளம்! ஏய் துண்டு, நீ மெதுவா! பிரேக், பிரேக்!" பள்ளிக்கூடப் படிக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அண்ணன் வேட்டி நனையவில்லை. அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் இன்ஜினியர் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். தெருத் தெருவாக நின்று கேட்டு எழுதினார், சங்கு எப்படிக் கேட்டது, எத்தனை பேர் வந்தார்கள் என்று. எங்களிடம் வந்தார். அக்கா வாயைத் திறக்கப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"எனக்குக் கேக்கலை சார்," என்றேன். "நாப்பத்தொரு பேர். எல்லாரும் வந்தாச்சு."

எழுதிக்கொண்டு அடுத்த தெருக்காரரிடம் போனார்.