துணி வராமல் வந்த பணம்

தம்பி,

செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. நீ உறங்குவதால் எழுதி வைக்கிறேன். கடிகாரம் பழுது பார்ப்பவரின் வீட்டுக்குப் போகிறேன்.

நம் சலவைக் கடைக்கு இந்த மாதம் வந்த பணத்தை, வெளுத்துக் கொடுத்த துணிகளோடு நேற்று ஒப்பிட்டேன். அவருடைய மாதச் சலவைப் பணம் வங்கியிலிருந்து வழக்கம்போலத் தானாகவே வந்திருக்கிறது. ஆனால் மூன்று வாரங்களாக அவர் ஒரு சட்டைகூடச் சலவைக்குப் போடவில்லை. சொன்னதற்கு, "காசுதான் வந்தாச்சேம்மா, துணி வரலைன்னா நமக்கு மிச்சம்தானே!" என்று சிரித்தாய். உன்னைத் திட்டியது சரியே. சாப்பிடாமல் படுக்க விட்டது சரியில்லை.

அவர் தனிக்கட்டை. கைப்பேசி அணைந்திருப்பதாகவே சொல்கிறது.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. இரண்டு வாயாவது சாப்பிட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வா. கடையைப் பிறகு திறக்கலாம்.

பி.கு.: அவருடைய எதிர்வீட்டுப் பெண்ணை அழைத்துக் கேட்டேன். "ஊருக்குப் போயிருப்பாருன்னுல்ல நினைச்சேன், அக்கா!" என்று அழுகிறாள். தனியாகக் கதவருகே போக அவளுக்கும் பயம், எனக்கும் பயம்.

இன்னொன்று: அவளும் நானும் சேர்ந்து கதவைத் தட்டுவோம். திறக்காவிட்டால் காவல் நிலையத்தில் சொல்லிப் பூட்டை உடைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். அவர் நலமாக இருந்து என்னைத் திட்டினால், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். புதுப் பூட்டை அவர் இந்த மாதம் அனுப்பிய பணத்தில் வாங்கு. அது நாம் உழைக்காமல் பெற்றது.

அம்மா