நாலு மணிக்கு நிற்கும் அப்டேட்

ஜூன் 2

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நலம். மாமாவும் நலம். ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதாதவள் கம்ப்யூட்டர் படுத்ததும் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். பதிலுக்குச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசி அனுப்புவதை வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலைதான் இப்போதும். இருபதாம் தேதிக்குள் கம்ப்யூட்டரில் புது அப்டேட் ஏறவில்லை என்றால் ஆபீஸில் வந்து உட்காரச் சொல்லிவிட்டார் மேனேஜர். நான் போய்விட்டால் மாமாவுடன் யார் இருப்பது?

தினமும் ஒரு மணிக்கு அப்டேட்டைப் போடுகிறேன். மூன்றரைக்கு நான் காய் வாங்கக் கிளம்பும்போது எழுபது சதவீதம் என்று காட்டுகிறது. திரும்பி வந்தால், ‘முடிக்க முடியவில்லை, மாற்றங்கள் நீக்கப்படுகின்றன’ என்று நிற்கிறது. நாலு நாளாக இதே கூத்து. போன் வேண்டாம், எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்

ஜூன் 5

அன்புள்ள டைப்பிஸ்ட் அம்மாவுக்கு,

போனில் பத்து நிமிட வேலை. நீதான் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, உன் இஷ்டம்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பார். பிரிண்டர் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார். அப்படியும் ஏறாவிட்டால், என்ன எப்போது நடந்தது என்று கம்ப்யூட்டர் தானே குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்து, சிவப்புக் குறி உள்ள வரிகளை நேரத்தோடு எழுதி அனுப்பு.

அப்பாவுக்கு இன்னும் என்மேல் கோபமா? அவரும் போனுக்கு வருவதில்லையே.

மெக்கானிக்

ஜூன் 9

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

இடம் தாராளமாக இருக்கிறது. பிரிண்டரைக் கழற்றி அடுத்த அறையிலேயே வைத்துவிட்டேன். மேலும் மூன்று முறை தோல்வி. நீங்கள் கேட்ட வரிகள்:

ஆறாம் தேதி, மாலை 4.01: எதிர்பாராமல் நின்றது.
ஏழாம் தேதி, 4.00: எதிர்பாராமல் நின்றது.
எட்டாம் தேதி, 4.02: அதே.

மேனேஜர் எனக்கு மேஜைகூட ஒதுக்கிவிட்டாராம். மாமாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

மருமகள்

ஜூன் 12

அன்புள்ளவளுக்கு,

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. தினமும் நாலு மணிக்கு வீட்டில் கரண்ட் போகிறது. வந்ததும் தானே எழுந்துகொள்ளும்படி அதை நான்தான் செட் செய்து வைத்தேன். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை.

அப்பா வேலை பார்த்த மில்லில் நாலு மணிக்கு ஷிப்ட் மாறும். மெயின் போர்டை அணைத்து, மெஷின்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி போடுவது இருபத்தெட்டு வருஷம் அப்பா செய்த வேலை. அவர் ரிட்டயராகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டு மெயினை அணைக்கிறார் என்றால் அவருக்கு என்ன ஆயிற்று? காது மந்தம் என்று கதை விடாதே.

அப்டேட்டை நாலேகாலுக்குப் போடு, ஏறிவிடும். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வந்து அப்பாவை அழைத்துக்கொள்கிறேன். இந்தச் சுமை உனக்கு எதற்கு?

மெக்கானிக்

ஜூன் 15

மெக்கானிக்குக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காய் வாங்கப் போகாமல் கதவோரம் நின்று பார்த்தேன். நாலு மணிக்கு மாமா எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தார். “எல்லாரும் மெஷினை விட்டுத் தள்ளி நில்லுங்கப்பா” என்று காலி அறையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அறை அறையாகச் சுற்றி வந்தவர் என்னிடம், “நீ எந்த செக்‌ஷன்மா? முந்தானையை இழுத்துச் சொருகிக்கோ, பெல்ட்டுல மாட்டிக்கும்” என்றார். சொருகிக்கொண்டேன்.

எட்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறார். சுவிட்ச் விஷயம் எனக்கே தெரியாது. மற்றதை மறைத்தது தப்புதான். தெரிந்தால் இல்லம் என்பீர்கள் என்று பயந்தேன். தெரிந்ததும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று நாலேகாலுக்குப் போட்டேன், அப்டேட் ஏறிவிட்டது. வேலை இனி வீட்டிலேயே. மாமாவை நான் எங்கும் அனுப்புவதாக இல்லை. நீங்கள் என்னை விட்டுப் போனபோது எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். சுமை என்று இன்னொரு தரம் எழுதாதீர்கள்.

அழைத்துப் போக வருவதானால் வர வேண்டாம். பார்க்க வருவதானால் வாருங்கள். உங்கள் போட்டோவைக் காட்டினேன், “இந்தத் தம்பி யாரு, நல்லா இருக்கானே” என்றார். தாங்க முடியும் என்றால் வாருங்கள்.

மருமகள்

ஜூன் 18

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இல்லத்தில் கேட்ட இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். அவருக்கு என்னைத் தெரியாவிட்டாலும் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். அதற்கு மேலும் நான் அங்கே இருக்கலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.