உங்கள் பெயருக்கான கட்டம்

அப்பா,

சோர்பா சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஊசி போடக் கூட்டிப்போகிறேன்.

பதினொரு மணிக்கு, பெகிமாயோடு சேர்ந்து வேலை செய்த கனிகேய் வருவாள். என் பெகிமாய் இல்லாவிட்டாலும், நிதி கிடைத்தால் நம் கார் கொட்டகையில் பொம்மைப் படக் கூடத்தை அவளே தொடங்கிவிடுவாள். விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. நாளை கடைசி நாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அவள் பிஷ்கெக் நகருக்குப் போகும் வேனைப் பிடிக்க வேண்டும். இட உரிமையாளர் கட்டத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பெகிமாய் எழுதிய விண்ணப்பம் உங்கள் பெயர் இல்லையென்று திரும்பி வந்ததும், "என் இடம் வேணும், என் பேரை எழுத மட்டும் அவளுக்குக் கை வரலியா?" என்று நேற்றுக் கத்தினீர்கள். அவள் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நானும் கத்தினேன்.

நிதி அலுவலகத்துப் பெண் போனில் சிரித்தாள்: "'அப்பா'ன்னு எழுதியிருக்கே, யாரோட அப்பாங்க?"

இந்த வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில், மருமகள் முறைப்படி, உங்கள் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எழுதவும் முடியவில்லை போலிருக்கிறது.

எர்மெக்

ரொட்டி துணிக்குள் இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. அங்கே எழுதுங்கள். அவள் எழுதியதை அழிக்க வேண்டாம்.